ஒரே டப்பாவில் இரண்டு கருப்பு எள்

அண்ணி தன் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகச் செங்கல்பட்டுக்குப் போனபோது, வீட்டுச் சாவியையும் ஆறு கோழிகளையும் நான்கு எள் பானைகளையும் என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். கோழிகளைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். எந்தக் கோழி எங்கே முட்டை வைக்கும், எது பக்கத்து வீட்டு வைக்கோலில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி வரும் என்று. பானைகளைப் பற்றி ஒரே வரிதான்.

"அதுங்க மேல கைய வெக்காத. எலி மட்டும் வராம பாத்துக்கோ."

நான் கை வைத்தேன்.

அண்ணி என்பது என் கணவரின் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே வாசலில் எதிரெதிராக இருக்கின்றன. உப்பளத்தில் வேலை இருக்கும் மாதங்களில் விடியற்காலையில் உப்பு வாரப் போய்விடுவார். அது கூலி. அவருக்கென்று சொந்தமாக இருப்பது உப்பளத்தின் வரப்பை ஒட்டிப் பள்ளத்தில் கிடக்கும் அரைக் காணி. அதைப் பள்ளக்கொல்லை என்போம். சாலைக்கு மேற்கே இருக்கும் எங்கள் நிலம் மேட்டுக்கொல்லை. இரண்டிலும் எள் போடுவது, விதை எடுத்து வைப்பது எல்லாம் அண்ணிதான். என் கணவர் புதுச்சேரி பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். சொன்ன நாளில் ஏர் ஓட்ட டிராக்டர் கூட்டி வருவதோடு அவர் விவசாயம் முடிந்துவிடும்.

பள்ளக்கொல்லையில் வேறு எதுவும் வராது. கார்த்திகை, மார்கழி மழை மண்ணிலிருக்கும் உப்பைக் கழுவிவிட்டுப் போகும். தையில் விதைத்தால், மாசி வெயிலில் உப்பு திரும்ப மேலே வரும் வரைக்கும் செடிக்கு அவகாசம். பிறகும் நின்று தாங்க வேண்டும். ஒரு வருடம் என் கணவர், அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கடையிலிருந்து புது ரக விதை வாங்கிவந்து தூவியிருக்கிறார். ஒரு மாதத்தில் கொல்லை முழுக்கக் கருகிப்போனதாம். அண்ணி வைத்திருக்கும் கருப்பு எள்தான் அங்கே நிற்கும் என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் கருப்பு எள் இரண்டு பானை இருந்தது. ஒன்றில் அடங்காததால் இரண்டில் வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் பிறந்தது பிரம்மதேசம் பக்கம். எங்கள் வீட்டில் எப்போதும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான். இங்கே வந்த பிறகு முதல் வருடம் மசக்கை, அடுத்த வருடம் கைக்குழந்தை. எள் பூத்துக் காய்த்து நின்றபோது ஒரு தடவைகூடக் கொல்லைக்கு நான் போனதில்லை. இவ்வளவும் இப்போது காரணம் தேடும்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிறவள் நான். பாப்பாவுக்குக் காய்ச்சலா என்று மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன், நான்காவது தடவை கணவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். இதில் மட்டும் வரவில்லை.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை அடித்தது. அண்ணி வீட்டில் ஒரு மூலை ஒழுகியது. போய்ப் பார்த்தபோது பானைகளின் அடியில் தரை ஈரமாக இருந்தது. ஒரு பானையைச் சுற்றி எறும்பு. விதை பூசணம் பூத்துப்போனால் என்ன பதில் சொல்வேன் என்று பயந்துவிட்டேன். போனில் பார்த்தேன். காற்று புகாத டப்பாவில் வைக்க வேண்டும் என்று ஒருவர் தெளிவாகச் சொன்னார். மழை விட்ட மறுநாள் மரக்காணம் கடைத்தெருவுக்குப் போய் மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் மூன்று வாங்கினேன். கருப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று.

ஒவ்வொரு பானையின் வாயும் ஒரு பழந்துணியால் கட்டியிருந்தது. ஒன்றில் நீலக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு, ஒன்றில் மஞ்சள் புடவைக் கிழிசல், இன்னும் இரண்டு. எல்லாவற்றையும் அவிழ்த்து சோப்புத் தூளில் ஊறவைத்து அலசிக் கொடியில் போட்டேன். அந்தத் துணிதான் அண்ணிக்குப் பெயர்ச்சீட்டு என்று எனக்குத் தெரியாது. அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், எழுதி ஒட்டுகிற பழக்கம் இல்லை. எள்ளை மாடியில் வெயில் காட்டி, வேப்பிலைச் சருகையும் சாம்பலையும் புடைத்து எடுத்து, டப்பாக்களில் கொட்டினேன். கருப்பு இரண்டு பானையும் ஒரே டப்பாவில் சரியாக அடங்கியது. அப்படி அடங்கியதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. கையால் நன்றாகக் கிளறிவிட்டேன், சூடு ஒரே மாதிரி ஆற வேண்டும் என்று. பிறகு மார்க்கரால் 'கருப்பு எள்' என்று அழகாக எழுதினேன். பானைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அடுப்பில் பால் வைத்திருந்தேன். போனில் ஒரு பிடிஎஃப் வந்தது.

அனுப்பியவள் விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண். முந்தின வருடம் கோடையில் கடற்கரை ஊர்களிலெல்லாம் பழைய எள் ரகங்களைத் தேடிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தாள். அண்ணியின் நான்கு பானைகளிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி வாங்கி, கவரில் ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எழுதிக்கொண்டு போனாள். முளைக்க வைத்து, இலையிலிருந்து மரபணு எடுத்து, எதற்கு எது நெருக்கம் என்று பார்ப்பார்களாம். முடிவு வந்ததும் அனுப்புகிறேன் என்று என் நம்பரை வாங்கியிருந்தாள். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் யாரும் அனுப்பியதில்லை. இவள் அனுப்பிவிட்டாள்.

அண்ணிக்கு உடனே போன் போட்டேன். எனக்கு நல்ல பெயர் வாங்கும் ஆசை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.

"என்னா படம்டீ அது?"

"மரம் மாதிரி இருக்குது அண்ணி. படுக்க வெச்ச மரம். கிளை கிளையா பிரியுது. யார் யாருக்குக் கிட்டத்து சொந்தம்னு காட்டுது."

"அட, ரேஷன் கார்டு மாதிரி. படி."

"வெள்ளையும் சிவப்பும் ஒரே கிளையில இருக்குது. ரொம்ப நெருக்கமாம். கிட்டத்தட்ட ஒண்ணுதானாம்."

"கலர் வேறயா இருந்தா என்னா? நான் இந்தக் கருப்பு, உன் வூட்டுக்காரன் அந்தச் சிவப்பு. ஒரு வயித்துலதான வந்தோம்? சரி, கருப்பு ரெண்டும்?"

நான் படத்தை நகர்த்தினேன். கருப்பில் ஒன்றான இரண்டாம் எண்ணை ஒரு கோடியில் பார்த்தேன். இன்னொரு கருப்பான நான்காம் எண் எங்கே என்று தேடினேன். பக்கத்தில் இல்லை. நகர்த்திக்கொண்டே போனேன். படத்தின் மறுகோடியில், மற்ற ஊர் எள்களையெல்லாம் தாண்டி, தனியாக ஒரு கிளையில் இருந்தது. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரே நிறம் கொண்ட, ஒரே வீட்டில் கிடைத்த இந்த இரண்டு மாதிரிகளும்தான் சேகரித்த எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று மிகவும் விலகியவை.

பி.எஸ்சி. தாவரவியல் படித்தவள் நான். பட்டாணிச் செடியை வைத்துக் கட்டம் போட்டு, எந்தக் குணம் மறையும் எது வெளியே தெரியும் என்று எழுதி மார்க் வாங்கியவள். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை நம்பக் கூடாது என்பது முதல் வருடப் பாடம்.

"ஏய், இருக்கியா?"

"ரெண்டு கோடியில இருக்குது அண்ணி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையாம்."

அண்ணி போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் குழந்தை எழுந்து அழுதது. "கேட்டுக்கினியா! நான் சொன்னப்ப உன் வூட்டுக்காரன் எப்படிச் சிரிச்சான். ரெண்டும் கருப்புதானக்கா, ஒரே பானையில கொட்டி வெச்சா என்னான்னு கேட்டான். ஒண்ணு பள்ளத்துல நிக்கும், ஒண்ணு மேட்டுல நிக்கும், அதத் தூக்கி இதுல போட்டா ரெண்டும் போச்சுடா எரும மாடேன்னு சொன்னேன். இப்ப காலேஜே சொல்லுது பாரு. இன்னொரு தரம் படி, இவ மாமியா கேக்கட்டும்."

இன்னொரு தரம் படித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் கேட்டது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். பாப்பா காலடியில் உட்கார்ந்து கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கேஸை மூடிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். சாவியை எடுத்து அண்ணி வீட்டைத் திறந்து டப்பாவைத் திறந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. அத்தனையும் கருப்பாக, பளபளவென்று, நன்றாகக் கலந்து இருந்தது.

ஒரு தட்டில் கொட்டி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றின் தோல் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது போலத் தோன்றியது. அப்படி இருபது எள்ளைப் பொறுக்கித் தனியே வைத்தேன். மறுபடி பார்த்தபோது அந்த இருபதிலும் பாதி வழவழப்பாகத் தெரிந்தது. கண்ணை நம்ப முடியவில்லை. தட்டைத் திருப்பினால் வேறு மாதிரி இருந்தது.

ஆராய்ச்சிப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஐயோ அக்கா" என்றாள், அவ்வளவு படித்தவள். எங்கள் பள்ளக்கொல்லை எள் வேறு ஊரில் எங்கேயாவது கிடைத்ததா என்று கேட்டேன்.

"அது மாதிரி ஒண்ணு எங்கயும் இல்லைக்கா. அதான் எங்க கைடு ரொம்ப குஷியாயிட்டாரு. நான் வாங்கினதுல ஒரு ஸ்பூன் மிச்சம் இருக்கும். அதையும் குளிர் ரூம்ல பத்திரமா வெச்சுட்டாங்க. லெட்டர் குடுத்துக் கேக்கலாம், எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது."

ஒரு ஸ்பூன் எள்ளை வைத்து அரைக் காணியில் என்ன விதைப்பது?

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். "போன்ல சொல்லாத. அங்க பச்சப் புள்ள இருக்குது, அக்கா கத்துற கத்துக்கு பொண்ணோட மாமியார் வீட்டுல துரத்திடுவாங்க. வந்ததும் சொல்லிக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "இல்ல, இப்பவே சொல்லிடு" என்றார். அதற்கு அடுத்த நாள், "பொங்கல் முடியட்டும்" என்றார். எனக்கு வாய்த்தவரும் என்னைப் போலவேதான்.

நான் சொல்லவில்லை. தினமும் சொல்ல வேண்டும் என்று நினைத்து, கோழி முட்டைக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வழி தோன்றியது. கலந்ததை அப்படியே பள்ளக்கொல்லையில் தூவிவிட்டால், உப்பு தாங்காதது கருகிவிடும். தாங்குவது நிற்கும். நின்றதிலிருந்து விதை எடுத்தால் பள்ளக்கொல்லை எள் சுத்தமாகத் திரும்பிவிடும். உப்பே எனக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு வருட விளைச்சல் பாதியாகும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்ததும் அழுதே விட்டேன். பாப்பாவுக்கு அன்று நன்றாகச் சோறு ஊட்டினேன்.

பொங்கல் முடிந்த நான்காம் நாள் அண்ணி வந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இரண்டு பைகளோடு இறங்கும்போதே சத்தம். "ஆயாடி நான், ரெண்டாவது தரம் ஆயா! பையனாம் பையன், என் மூக்கு அப்படியே. எங்க என் குட்டி? மெலிஞ்சிட்டாளே, அம்மாக்காரி சோறு போடுறாளா, போன் பாக்குறாளா?"

அவர் வீட்டுக்குள் நுழைவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். "அண்ணி, மழையில பானை நனைஞ்சிடுமோன்னு கருப்பு எள்ளு ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டிட்டேன். கலந்துடுச்சு."

"எதை?"

திரும்பச் சொன்னேன். அவர் கையில் பாப்பா இருந்தாள். அவளை மெதுவாக என்னிடம் கொடுத்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஒரு கோழி வந்து அவர் பையைக் கொத்தியது, அதைக்கூட விரட்டவில்லை.

"எடுத்துட்டு வா."

டப்பாவைக் கொண்டுவந்தேன். நான் எழுதியிருந்ததைப் பார்த்தார். படிக்க முடிந்ததா தெரியவில்லை. கையை உள்ளே விட்டு அள்ளி, விரல் இடுக்கில் ஒழுகவிட்டார். ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மென்றார். துப்பிவிட்டார்.

"பன்னெண்டாவதுக்கு மேல மூணு வருஷம் படிச்சியே, என்னாடி படிச்ச?"

"செடி பத்திதான் அண்ணி."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம். "செடி பத்தி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாப்பாவை மட்டும் வந்து தூக்கிக்கொண்டு போவார், திருப்பிக் கொண்டுவந்து வாசலில் விடுவார்.

மூன்றாம் நாள் நானே போனேன். என் வழியைச் சொன்னேன். உப்பு பிரித்துக் கொடுத்துவிடும் என்று விளக்கினேன். பள்ளக்கொல்லை எள் போகவில்லை, டப்பாவுக்குள்தான் இருக்கிறது, வெளியே எடுத்துவிடலாம் என்று சொன்னேன். அவர் கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் தலையை ஆட்டினார்.

"பள்ளத்து எள்ளு வந்துடும். அது எனக்கும் தெரியும். மேட்டு எள்ளு?"

மீதி அரிசியை வீசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேட்டுல ரெண்டும் வளரும். அங்க உப்பு இல்ல, எதையும் கொல்லாது. அத எத வெச்சு நீ பிரிப்ப?"

நான் அதை நினைக்கவே இல்லை. ஒரு மாதம் முழுக்க, படுக்கும்போதும் எழும்போதும் அண்ணியின் விதையைப் பற்றியே பயந்திருக்கிறேன். டப்பாவில் மறு பாதி எங்கள் கொல்லை எள். எங்கள் வீட்டு எண்ணெய் அது. என் பிள்ளை பிறந்ததிலிருந்து தலைக்கும் உடம்புக்கும் தேய்ப்பது அதைத்தான். நான் சொன்ன வழியில் போயிருந்தால், அத்தனையையும் உப்பு மண்ணில் தூவி நானே கொன்றிருப்பேன். கொன்றுவிட்டுக் காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காரு, உக்காரு. விழுந்து வெக்காத, அதுக்கு வேற ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடணும்" என்றார் அண்ணி. "காய் வந்தா தெரியும். பள்ளத்து எள்ளுக்குக் காய் நாலு பட்ட. மேட்டு எள்ளுக்கு எட்டு பட்ட, குண்டா இருக்கும். செடி செடியா பாத்துக் கட்டணும். உன்னாலதான் வந்துது, நீதான் பாக்கணும்."

டப்பாவைப் பாதி பாதியாகப் பிரித்தோம். தை கடைசியில் மணலோடு கலந்து இரண்டு கொல்லையிலும் தூவினோம். ஐந்தாம் நாள் முளைத்தது. பள்ளத்தில் முளைத்த பிஞ்சுகளைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாம் ஒரே பச்சை. எது சாகப்போகிறது என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

மாசி பாதியில் ஆரம்பித்தது. முதலில் இலை ஓரம் பழுப்பாகச் சுருண்டது. பக்கத்து உப்பளத்தில் அந்த வாரம்தான் பாத்திகளில் முதல் உப்பு உறையத் தொடங்கியிருந்தது. அதே நாட்களில் எங்கள் மண்ணிலும் வெள்ளையாகப் பூத்தது. ஒரு செடி பச்சையாக நிற்கும், அதை ஒட்டி இன்னொன்று வெந்தது மாதிரி தொங்கும். வரிசை கிடையாது, இடம் கிடையாது. நான் அன்றைக்கு மாடியில் கையால் கிளறிவிட்டது அப்படியே தரையில் தெரிந்தது. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்று பார்த்தேன். உப்பு வாரிவிட்டு வந்த பெண்கள் நின்று கேட்டார்கள், "இன்னாக்கா, மருந்து அடிச்சிட்டீங்களா, இப்படிக் கருகிக் கெடக்குது?" அண்ணி குனிந்து செத்ததைப் பிடுங்கிக்கொண்டே, "ஆமா, எங்க வீட்டு டாக்டரம்மா குடுத்த மருந்து" என்றார். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் குனிந்து பிடுங்கினேன்.

பாதிக்கு மேல் போய்விட்டது. நின்றது பூத்தது.

பங்குனியில் மேட்டுக்கொல்லையில் காய் பிடித்ததும், நான் தினமும் காலையில் போய் எட்டுப் பட்டைக் காய் உள்ள செடிகளிலெல்லாம் துணிக் கிழிசல் கட்டினேன். முதல் நாள் ஒவ்வொரு செடிக்கும் மூன்று நான்கு காயைத் தடவிப் பார்த்தேன். எண்ணிவிட்டு, தப்பாக எண்ணினேனோ என்று திரும்பி வந்து எண்ணினேன். ஆராய்ச்சிப் பெண்ணும் ஒருநாள் வந்து கூடவே கட்டினாள். "தேனீ ஒரு பூவுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும்க்கா. இந்த வருஷம் பக்கத்துல பக்கத்துல பூத்திருக்குது, கொஞ்சம் கலந்துதான் இருக்கும். ரெண்டு மூணு வருஷம் பாத்துப் பாத்து எடுக்கணும்" என்றாள். ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அதைக் கேட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சித்திரையில் பள்ளக்கொல்லை அறுப்பு. எள் முற்றினால் காயின் நுனி தானாக வெடிக்கும். சாய்த்தால் விதை கொட்டிப்போகும், அதனால் காலையிலேயே அறுத்து நிமிர்த்தியே கட்டி எடுத்துவர வேண்டும். அண்ணி அறுத்தார். நான் ஒவ்வொரு செடியாக வாங்கி, காயைப் பார்த்து, கட்டில் வைத்தேன். நாலு பட்டை, நாலு பட்டை, நாலு பட்டை. அடுத்த தைக்கு அரைக் காணிக்குத் தேவையான விதை அதில் இருந்தது, எண்ணெய்க்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. அண்ணியே கட்டைத் தூக்கிப் பார்த்து, "விதைக்கு ஆயிடும்" என்றார். நான்கு மாதத்தில் எனக்கு முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது.

கிழக்குக் கோடியில், உப்பளத்து வரப்புக்கு ஒரு முழம் தள்ளி, அவர் கொடுத்த செடியில் காய் குண்டாக இருந்தது. எண்ணினேன். எட்டு. வேறு காயை எண்ணினேன். எட்டு. அது நின்ற இடத்தில் மண் மற்ற இடம் போலவே வெள்ளையாகத்தான் இருந்தது. மேட்டு எள்ளின் காய், பள்ளத்து உப்பில் இலை கருகாமல் நின்றிருக்கிறது.

என் தலைக்குள் அந்தப் பழைய கட்டங்கள் ஓடின. இந்தச் செடியின் விதை போன சித்திரையில் உருவானது. நான் பானையை அவிழ்த்தது கார்த்திகையில். இரண்டு எள்ளின் குணமும் இதில் இருக்கிறதென்றால் அது என் டப்பாவில் கலந்ததில்லை. அதற்கு முன்பே, அண்ணி துணி கட்டித் தனித்தனியே வைத்திருந்த காலத்திலேயே, கொல்லையில் பூவோடு பூவாகக் கலந்திருக்கிறது. சொல்லலாமா? சொன்னால் என் தப்பை மூடுவதற்குச் சொல்வது போல இருக்கும். அந்த ஒரு இடத்தில் உப்பு குறைவாகவும் இருந்திருக்கலாம். எனக்கு எது நிச்சயமாகத் தெரியும்?

"என்னாத்த பாத்துக்கினு நிக்கிற? வெயில் ஏறுது."

செடியை நீட்டினேன். அண்ணி வாங்கி, நகத்தால் ஒவ்வொரு பட்டையாகத் தொட்டு எண்ணினார். மண்ணைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மார்கழியில் போனைப் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"இது எப்படி இங்க நிக்குது?"

"உங்க பானையிலயே இது இருந்திருக்கும் அண்ணி. நான் கலக்குறதுக்கு முன்னாடியே. தேனீ கலந்திருக்கும்." பிறகு அவசரமாகச் சொன்னேன், "அதுக்காக நான் செஞ்சது தப்பில்லன்னு சொல்லல."

"நீ செஞ்சது தப்புதான்" என்றார். செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி வருஷம் நான் பாத்துப் பாத்து வெச்சிக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாமலே உள்ள இருந்திருக்குதே."

தூக்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை. வரப்பின் ஓரம் வேட்டித் துண்டில் உட்கார்ந்து உப்பு மண்ணை அள்ளிக்கொண்டிருந்த பாப்பாவைத் தூக்கி, கையைத் தட்டிவிட்டுத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இத எதோடயும் சேக்காத. நீயே தனியா எடுத்துக்கினு வா. ரெண்டு கையாலயும் புடி, சாச்சிடாத."

உப்பளத்து வரப்பு ஒற்றையடி அகலம்தான். அண்ணி முன்னால் போனார். மேல் காய்கள் இரண்டு ஏற்கெனவே வாய் திறந்திருந்தன. உள்ளே கருப்பு தெரிந்தது. நான் அந்த ஒரு செடியை நேராகப் பிடித்துக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.